புயலுக்குப் பின் மின்தடம்: கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும்

புயல், பெருவெள்ளம், மண்சரிவு போன்றவற்றால் விழுந்த மின்கம்பங்களை நட்டு, அறுந்த கம்பிகளை இழுத்துக் கட்டி, ஊர்களுக்கு மீண்டும் மின்சாரம் கொடுக்கும் பணி மின்தடச் சீரமைப்பு எனப்படும். தமிழ்நாட்டில் இப்பணியின் வரலாறு பெரும்பாலும் கடலோர மாவட்டங்களை வைத்தே பேசப்படுகிறது. தானே, வர்தா, கஜா ஆகிய புயல்களின் பெயரைச் சொன்னால் கடலூர், சென்னை, நாகப்பட்டினம் என்றே நினைவு ஓடும். கடலிலிருந்து தள்ளியிருக்கும் கள்ளக்குறிச்சிப் பகுதி இந்த வரலாற்றில் நெடுங்காலம் ஆள் அனுப்பும் ஊராக இருந்தது. 2024-இல் பெஞ்சல் புயல் வந்தபோது அதே ஊர் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பட்டியலில் இடம்பெற்றது. மின்சாரம் எந்த வரிசையில் திரும்புகிறது, மலையூர்கள் ஏன் அந்த வரிசையின் கடைசியில் நிற்கின்றன, கம்பத்தில் ஏறுபவர் யார் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

மின்சாரம் வந்த வழி

சென்னை மாகாண அரசு 1927-இல் மின்சாரத்துக்கெனத் தனித் துறையை உருவாக்கியது. நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1930-களின் தொடக்கத்திலும், மேட்டூர் அணையின் மின் நிலையம் 1937-இலும், பாபநாசம் 1944-இலும் இயங்கத் தொடங்கின. அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்த கள்ளக்குறிச்சிச் சமவெளிக்கு மேற்கே மேட்டூரும் கிழக்கே 1962-இல் மின் உற்பத்தி தொடங்கிய நெய்வேலியும் அமைந்தன. தமிழ்நாடு மின்சார வாரியம் 1957 ஜூலை 1 அன்று தோன்றியது. அதன்பின் ஊர்தோறும் கம்பம் நட்ட வேகத்தில் தமிழ்நாடு இந்திய மாநிலங்களின் முன்வரிசைக்கு வந்தது.

கள்ளக்குறிச்சி கிணற்றுப் பாசனம் மிகுந்த பகுதி. கரும்பு, நெல், மரவள்ளி ஆகியவை இங்கே விளைகின்றன. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. நகரைச் சுற்றி அரிசி ஆலைகள் பல. இவை எல்லாவற்றுக்கும் பம்பு செட்டின் மோட்டாரே உயிர். உழவர்களுக்கான இலவச மின்சாரம் 1984-இல் சிறு விவசாயிகளுக்கும் 1990-இல் அனைவருக்கும் கிடைத்தபின், வயல் நடுவே செல்லும் கம்பங்களின் எண்ணிக்கை பெருகியது. இது கவனிக்க வேண்டிய செய்தி. சாலையோரக் கம்பம் விழுந்தால் கிரேன் வண்டி போய்ச் சேரும். சேற்று வயலின் நடுவே விழுந்த கம்பத்துக்கு மனிதத் தோள்தான் வண்டி.

கல்வராயன் மலையின் கதை வேறு. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான இம்மலை வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன் எனப் பிரிந்து, ஏறத்தாழ 2,000 அடி முதல் 4,000 அடி வரை உயர்ந்து நிற்கிறது. கோமுகி, மணிமுத்தாறு ஆகிய ஆறுகள் இங்கிருந்து இறங்குகின்றன. மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் இங்கே சிற்றூர்களாகப் பரவி வாழ்கின்றனர். (பெயரைப் பார்த்துக் கேரள மக்கள் என்று மாணவர்கள் குழம்புவதுண்டு, மலையை ஆள்பவர் என்பதே இங்கே பொருள், இவர்கள் பேசுவது தமிழ்.) சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் ஆகிய மூன்று ஜாகீர்தாரர்களின் கையில் மலை இருந்தது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்த பிறகே, 1976-இல், அரசு இந்த ஜாகீர்களை ஏற்றுக்கொண்டது. சாலை, பள்ளி, மருத்துவமனை, மின்சாரம் ஆகிய எல்லாம் அதற்குப் பின் படிப்படியாக மலையேறியவை. சமவெளியில் மின்கம்பம் ஒரு தலைமுறைக்கு முன்பே பழகிப்போயிருந்த காலத்தில், மலையில் அது புதுப்பொருள்.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வராயன்மலை வட்டமும் அதன் ஒரு பகுதி ஆயிற்று.

மரம்போல் கிளைக்கும் தடம்

மின்தடம் ஒரு மரத்தைப் போன்றது என்று சொன்னால் பாதி விளங்கிவிடும். உயர் அழுத்தக் கோபுரங்கள் வழியாக வரும் மின்சாரம் துணைமின் நிலையத்தில் இறங்குகிறது. அது அடிமரம். அங்கிருந்து 11 அல்லது 22 கிலோவோல்ட் அழுத்தத்தில் புறப்படும் பாதைக்கு ஃபீடர் என்று பெயர். அது பெருங்கிளை. ஃபீடரிலிருந்து ஊருக்கு ஊர் கிளைகள் பிரியும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் டிரான்ஸ்பார்மர் எனப்படும் மின்மாற்றி நிற்கும். அது அழுத்தத்தைக் குறைத்து வீட்டுக்கும் மோட்டாருக்கும் ஏற்ற மின்சாரமாக்கும். அங்கிருந்து வீடு வரை செல்லும் கம்பி, இலைக்காம்பு போன்றது.

அடிமரத்தில் உயிர் இல்லாமல் நுனிக் கிளையில் இலை துளிர்க்காது. ஆகவே புயலுக்குப் பின் முதலில் கோபுரத் தடமும் துணைமின் நிலையமும், அடுத்து ஃபீடரும், அடுத்து கிளைப்பாதையும், அதன்பின் மின்மாற்றியும், கடைசியாக வீட்டு இணைப்பும் சரிசெய்யப்படும். மருத்துவமனை, குடிநீர் ஏற்றும் நிலையம், கைப்பேசிக் கோபுரம் ஆகியவை எந்த ஃபீடரில் இருக்கின்றனவோ அந்த ஃபீடர் முந்தும். ஒரே நாள் வேலையில் பத்தாயிரம் வீடுகளுக்கு வெளிச்சம் தரும் இடம் ஒன்றும், பத்து வீடுகளுக்குத் தரும் இடம் ஒன்றும் இருந்தால் பொறியாளர் எதைத் தேர்வார் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த முறையில் பாரபட்சம் இல்லை என்று அதிகாரிகள் சொல்வது கணக்கின்படி சரி. ஆனால் அந்தக் கணக்கில் மலையூர் எப்போதும் நுனிக் கிளைதான். நீண்ட ஃபீடர், கொண்டை ஊசி வளைவுகள், காட்டுமரங்கள், பத்துப் பதினைந்து வீடுகள் கொண்ட சிற்றூர்கள் என எல்லாக் காரணங்களும் ஒன்றுசேர்ந்து மலையை வரிசையின் இறுதிக்குத் தள்ளுகின்றன. அங்கே காத்திருப்பவர்களுக்கு அது வெறும் இருட்டும் அல்ல. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் நின்றால், பெண்கள் மறுபடியும் குடத்துடன் ஓடைக்கு நடக்க வேண்டும். கைப்பேசிக் கோபுரத்தின் பேட்டரி தீர்ந்தால், பிரசவ வலி கண்டவருக்கு 108 வண்டியைக் கூப்பிட வழியில்லை.

பிறர் ஊரில் கற்ற பாடம்

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு 140 கி.மீ. வரை காற்று வீசியது. பண்ருட்டிப் பக்கத்தில் தலைமுறைகளாக நின்ற பலாவும் முந்திரியும் ஒரே காலைப்பொழுதில் சாய்ந்தன. மரங்களோடு கம்பங்களும் போயின. மின் வாரியம் 2010 நவம்பரில்தான் பகிர்மானத்துக்கும் மின்தொடரமைப்புக்கும் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிந்திருந்தது. புதிய அமைப்பு சந்தித்த முதல் பெருஞ்சோதனை தானே. மாநிலத்தின் பல பகுதிகளிலிருந்தும் ஊழியர்கள் கடலூருக்கு வரவழைக்கப்பட்டனர். ஒரு வட்டத்தின் ஊழியர்களை, தளவாடங்களோடும் பொறியாளரோடும், மற்றொரு வட்டத்துக்கு அனுப்பி ஒரு பகுதியை முழுதாக ஒப்படைக்கும் வழக்கம் இத்தகைய புயல்களில்தான் உறுதிப்பட்டது.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையைத் தாக்கியது. நகரம் என்பதால் சாலை இருந்தது, கிரேன் இருந்தது. ஆனால் ஒவ்வொரு கம்பத்தின் மேலும் ஒரு மரம் கிடந்தது. முதலில் அறுவை, பிறகே மின்வேலை.

இவை இரண்டையும் விஞ்சியது கஜா. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே அது கரையேறி, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை எனத் தென்னந்தோப்புகளை மிதித்துக்கொண்டு உள்நாட்டுக்குள் சென்றது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சேதமடைந்தன. மாநிலம் முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கான ஊழியர்கள் டெல்டாவுக்குச் சென்றனர். கேரள மின் வாரியமும் தன் ஊழியர்களை அனுப்பியது. அதே ஆண்டு ஆகஸ்டில் பெருவெள்ளத்தில் தவித்த மாநிலம் அது என்பதை மறக்கக் கூடாது.

கஜாவின் போது எடுக்கப்பட்ட படங்கள் பலரின் நினைவில் இருக்கும். இடுப்பளவு நீரில், சில இடங்களில் கழுத்தளவு நீரில், கான்கிரீட் கம்பத்தைச் சுமந்து நடந்த மனிதர்களின் படங்கள் அவை. ஒரு 8 மீட்டர் கான்கிரீட் கம்பம் முந்நூறு கிலோவுக்கு மேல் எடை கொண்டது. அதன் நீளத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்க வேண்டும். சேற்றில் குழி தோண்டினால் தோண்டத் தோண்ட மூடிக்கொள்ளும். கம்பத்தின் தலையில் கயிறு கட்டி மூன்று பக்கமும் ஆட்கள் இழுத்துப் பிடிக்க, அடியைக் குழியில் தள்ளி நிமிர்த்துவார்கள். ஒருவர் பிடி நழுவினால் கம்பம் எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்கும் தெரியாது. வெளிமாவட்டங்களிலிருந்து உதவிக்கு வந்தவர்களில் சிலர் அந்தப் பணியிலேயே உயிரிழந்தனர். புயலில் இறந்தோர் கணக்கை எழுதும்போது, புயல் போன பிறகு இறந்த இவர்களைத் தனி வரியில்கூட எழுதாத நூல்களே மிகுதி.

உறைமழை நாட்டில்

குளிர்நாடுகளில் மின்தடத்தின் பெரும்பகை உறைமழை. மேலே நீராக இறங்கும் மழை, கம்பியைத் தொட்டவுடன் பனிக்கட்டியாக உறையும். பனி அடுக்கடுக்காகச் சேர்ந்து கம்பியின் எடையைப் பன்மடங்கு ஆக்கும். 1998 ஜனவரியில் கனடாவின் கிழக்குப் பகுதியில் பல நாள் தொடர்ந்து இப்படிப் பெய்தது. கியூபெக் மாகாணத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எஃகுக் கோபுரங்களும் பல்லாயிரம் மரக்கம்பங்களும் முறிந்தன. அம்மாகாணத்தில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருண்டன. ஈழத்திலிருந்து போய்க் குடியேறிய தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வாழ்ந்த மொன்றியல் நகரும் அதில் தப்பவில்லை. நகரின் குடிநீர் நிலையங்களே மின்சாரமின்றி நின்றன. இராணுவம் வந்தது, அண்டை நாட்டு மின் ஊழியர்கள் வந்தனர். அப்படியும் சில ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப ஒரு மாதம் ஆயிற்று.

அங்கே கோபுரங்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரிசையாகச் சாய்ந்தன. ஒன்று விழுந்தால் கம்பியின் இழுப்பு அடுத்ததையும் வீழ்த்தும். அதற்குப் பின் கியூபெக் மின் நிறுவனம், இடையிடையே வலுவான கோபுரங்களை நிறுத்திச் சரிவை அங்கேயே தடுத்து நிறுத்தும் முறையைக் கொண்டுவந்தது. நம் வயல்வெளியில் ஸ்டே கம்பி கட்டிய கம்பம் செய்வதும் சிறிய அளவில் அதே வேலைதான். பனிக்கும் புயலுக்கும் வேறுபாடு பெரிது என்றாலும், கம்பி அறுவதைவிடக் கம்பம் சாய்வதே நாள்களை விழுங்குகிறது என்பது இரண்டு நாடுகளுக்கும் பொது.

பெஞ்சல், 2024

பெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. காற்றின் வேகத்தில் அது தானேவுக்கோ கஜாவுக்கோ அருகில் வராது. அதன் ஆயுதம் மழை. கரையைக் கடந்தபின் நகராமல் பல மணி நேரம் ஒரே இடத்தில் நின்று கொட்டியது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. பதிவாயிற்று. மறுநாள் மேற்கே நகர்ந்து கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. பெய்தது. இந்த இரண்டாவது மழையே கள்ளக்குறிச்சிக்கு வினையானது. மேல்நிலத்தில் பெய்த நீர் தென்பெண்ணையில் திரண்டு சாத்தனூர் அணைக்கு வந்தது. டிசம்பர் 2 அதிகாலையில் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி நீர் திறந்துவிடப்பட்டது. மணலூர்ப்பேட்டையும் திருக்கோவிலூரும் அந்த ஆற்றின் கரையில் இருப்பவை. ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. ஆற்றோரப் பாதைகள் துண்டிக்கப்பட்டன.

காற்று வீழ்த்தும் கம்பத்துக்கும் வெள்ளம் வீழ்த்தும் கம்பத்துக்கும் வேறுபாடு உண்டு. காற்றில் கம்பம் முறியும். முறிந்த இடம் கண்ணுக்குத் தெரியும். வெள்ளத்திலோ அடிமண் அரித்துப்போய், கம்பம் நிமிர்ந்து நிற்பதுபோலவே நிற்கும். நம்பி ஏறியவரின் எடையில் சாயும். ஆகவே வெள்ளம் வடிந்த இடத்தில் ஒவ்வொரு கம்பத்தின் அடியையும் கடப்பாரையால் குத்திப் பார்த்த பிறகே ஏற வேண்டும். நீர் தேங்கிய மின்மாற்றி மேடைகளையும் துணைமின் நிலையக் கருவிகளையும் உலர்த்தி, காப்புத் தன்மையைச் சோதித்த பிறகே மின்சாரம் ஏற்ற முடியும். வெயில் அடிக்கிறதே, வெள்ளமும் வடிந்துவிட்டதே, இன்னும் ஏன் கரண்ட் இல்லை என்று பொதுமக்கள் சினம் கொள்வது இந்த இடைவெளியில்தான். மின் பகிர்மான நிறுவனம் பிற மாவட்ட ஊழியர்களை விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சிப் பக்கம் திருப்பியது. வழக்கமாக இங்கிருந்து வண்டியேறுபவர்கள் இம்முறை வருபவர்களுக்கு வழி காட்டினார்கள்.

வழி காட்டுதல் என்பதைச் சிறிய வேலையாக எண்ணக் கூடாது. தஞ்சாவூரிலிருந்தோ மதுரையிலிருந்தோ வந்த குழுவுக்கு, எந்தக் கம்பி எந்த ஃபீடருடையது, எந்த மின்மாற்றிக்கு இரண்டு பக்கமிருந்து மின்சாரம் வரக்கூடும், எந்த வயலில் பழைய கிணறு மூடாமல் கிடக்கிறது என்பதெல்லாம் தெரியாது. அது அந்தப் பிரிவின் லைன்மேனுக்கும் ஒயர்மேனுக்கும் மட்டுமே தெரிந்த செய்தி. பல ஆண்டு ஒரே தடத்தில் நடந்தவரின் மனத்தில் உள்ள வரைபடத்துக்கு ஈடான வரைபடம் எந்த அலுவலகத்திலும் இல்லை.

எல்.சி.

இந்தத் தொழிலில் உயிரைக் காப்பது ஒரு சிறு சீட்டு. லைன் கிளியர் என்பதைச் சுருக்கி எல்.சி. என்பார்கள். கம்பத்தில் ஏற வேண்டியவர் துணைமின் நிலைய ஆபரேட்டரிடம் எல்.சி. வாங்க வேண்டும். ஆபரேட்டர் அந்த ஃபீடரை நிறுத்தி, யார் பெயரில் எந்த நேரத்தில் கொடுத்தார் என்று பதிவேட்டில் எழுதுவார். அந்த எல்.சி. திரும்ப ஒப்படைக்கப்படும் வரை வேறு எவர் சொன்னாலும் அந்த ஃபீடரில் மின்சாரம் ஏற்றக் கூடாது. அமைச்சரே தொலைபேசியில் கேட்டாலும் கூடாது.

அது மட்டும் போதாது. வேலை நடக்கும் இடத்துக்கு அருகில் ஏ.பி. சுவிட்சையும் திறந்துவைக்க வேண்டும். பிறகு எர்த் ராடு எனப்படும் நீண்ட தடியின் கொக்கியைக் கம்பிகளில் மாட்டி, மறுமுனையை மண்ணோடு இணைக்க வேண்டும். வேலை செய்யும் இடத்தின் இரு பக்கமும் இப்படி மாட்டுவது விதி. ஏன் இரு பக்கம்? மின்சாரம் துணைமின் நிலையத்திலிருந்து மட்டும் வருவதில்லை. ஒரு திருமண மண்டபத்தில், ஓர் அரிசி ஆலையில், சரியான மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை ஓட்டினால், அந்த மின்சாரம் பின்வழியாக மின்மாற்றிக்குள் ஏறி, தலைகீழாக வேலை செய்து, கம்பியில் பல ஆயிரம் வோல்ட்டாக வெளிவரும். புயல் காலத்தில் ஜெனரேட்டர் ஓடாத தெரு எது? எர்த் ராடு மாட்டியிருந்தால் அந்த மின்சாரம் மண்ணுக்குப் போகும். மாட்டாவிட்டால் மேலே இருப்பவரின் உடல் வழியாகப் போகும். மாணவர்கள் தம் வீட்டில் ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ இருந்தால் இந்த ஒரு செய்தியைப் பெற்றோரிடம் சொல்லலாம்.

புயல் நேரத்தில் விதி தளர்கிறது. பத்துக் குழுக்கள் ஒரே ஃபீடரில் வேலை செய்யும். கைப்பேசி கிடைக்காது. ஊர்மக்கள் சூழ்ந்துகொண்டு நெருக்குவார்கள். சாலை மறியல் நடக்கும். இரண்டு எர்த் ராடு தேவைப்படும் இடத்தில் ஒன்று இருக்கும், அல்லது அதுவும் அடுத்த குழுவிடம் இருக்கும். விபத்துகளில் பல மின்சாரம் எங்கிருந்தோ திரும்பி வந்ததால் நேர்ந்தவை என்பதை இத்தொழிலில் இருப்போர் நன்கு அறிவர்.

ஏறுபவர் யார்

மின் வாரியத்தின் களப்பணியில் பல்லாயிரம் இடங்கள் நெடுங்காலமாகக் காலியாக இருக்கின்றன. அந்த இடங்களின் வேலையைப் பெருமளவு செய்பவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். புயல் வந்தால் முதலில் அழைக்கப்படுபவர்களும் அவர்களே. கம்பம் சுமப்பதும் குழி தோண்டுவதும் அவர்கள் தலையில் விழும். வேலை முடிந்ததும் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருக்காது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பல ஆண்டுகளாகப் போராடி வருகின்றனர்.

கஜாவுக்குப் பின், 2019-இல், கேங்மேன் என்ற புதிய பதவிக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பு வந்தது. கம்பம் ஏறுவது உள்ளிட்ட உடற்தகுதித் தேர்வும் எழுத்துத் தேர்வும் நடந்தன. ஏற்கெனவே பத்துப் பதினைந்து ஆண்டு ஒப்பந்தத்தில் உழைத்தவர்களின் அனுபவம் என்ன ஆயிற்று என்ற கேள்வி எழுந்து, வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. 2021-இல் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கேங்மேன்களாகப் பணி ஏற்றனர். பலர் சொந்த ஊரிலிருந்து தொலைவான மாவட்டங்களில் அமர்த்தப்பட்டனர். தங்களைக் கள உதவியாளர்களாக மாற்ற வேண்டும், சொந்த மாவட்டத்துக்கு மாற்றம் வேண்டும் என்பன அவர்களின் பிற்காலக் கோரிக்கைகள். கம்பம் ஏறத் தெரிந்தவரைத் தேர்வு வைத்து எடுத்த அரசு, ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்தவரை என்ன செய்வது என்பதற்கு இன்னும் நேரான விடை சொல்லவில்லை.

மலையின் கணக்கு

கடலோரத்தில் புயலுக்கு ஈடுகொடுக்க வேறொரு வழி பின்பற்றப்பட்டது. உலக வங்கி உதவியோடு நடந்த கடலோரப் பேரிடர் இடர் தணிப்புத் திட்டத்தில் கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி ஆகிய ஊர்களில் மின்தடத்தைப் புதைவடமாக மாற்றும் பணி சேர்க்கப்பட்டது. மண்ணுக்குள் போன கம்பியைக் காற்று அறுக்காது. ஆனால் கல்வராயன் மலையில் பாறையை வெட்டிப் புதைவடம் கொண்டுபோவது பெருஞ்செலவு. தவிர, மலைப்பாதையில் மண் சரிந்தால் புதைவடமும் சேர்ந்தே போகும். அங்கே நடைமுறைக்கு ஏற்றது உறையிட்ட கம்பி. மரக்கிளை உரசினாலும் மின்சாரம் கசியாது, ஃபீடர் நிற்காது. கம்பித்தடத்தின் இரு பக்கமும் கிளை வெட்டி வைப்பதே பாதி மருந்து என்றாலும், காப்புக்காட்டில் கிளை வெட்ட வனத்துறையின் ஒப்புதல் தேவை. மழைக்கு முன் ஒப்புதல் வந்தால் கத்தி பேசும்; வராவிட்டால் மழைக்குப் பின் மரமே வந்து கம்பியில் படுக்கும்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது சாலை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் நச்சுச் சாராயத்தால் பலர் இறந்ததை அடுத்து, கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் ஜூலையில் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை, போக்குவரத்து, மருத்துவம், பள்ளி ஆகியவை அவ்வழக்கில் பேசப்பட்டன. மின்சாரத்துக்கும் அந்தச் சாலைக்கும் உள்ள உறவை மின் ஊழியரைக் கேட்டால் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுவார்: லாரி போகிற ஊருக்குக் கம்பம் லாரியில் போகும், லாரி போகாத ஊருக்குக் கம்பம் ஆளின் தோளில் போகும். மின்மாற்றியோ கம்பத்தைவிடக் கனமானது. அதைத் தோளில் ஏற்றவும் முடியாது. மலையில் ஒரு மின்மாற்றி எரிந்தால், புதியது கிடங்கில் தயாராக இருந்தாலும், ஓடைப் பாலம் சரியாகும் வரை ஊர் காத்திருக்கும். சாலைப் பணியாளர் மண்ணை அள்ளி முடித்த பிறகே மின் ஊழியரின் வேலை தொடங்குகிறது. இரண்டு துறைகளின் ஆட்களும் ஒரே நேரத்தில் மலையேறினால் இந்தக் காத்திருப்பில் பாதி குறையும்.

மின்சாரம் திரும்பிய அன்றோடு சீரமைப்பு முடிந்துவிடுவதில்லை. அவசரத்தில் முறுக்கிக் கட்டிய கம்பி இணைப்புகளைப் பிரித்து முறையான இணைப்பு போட வேண்டும். மூங்கில் முட்டுக் கொடுத்து நிறுத்திய கம்பத்துக்குப் புது ஸ்டே கம்பி கட்ட வேண்டும். தாழ்ந்து தொங்கும் கம்பியை இழுத்து உயர்த்த வேண்டும். கரும்பு ஏற்றிய டிராக்டர் அடியில் போகும் காலம் தை பிறந்ததும் வந்துவிடும். வெளியூர்க் குழுக்கள் அதற்குள் தம் ஊருக்குத் திரும்பிவிடும். மிச்ச வேலை, பிரிவு அலுவலகத்தின் நான்கைந்து பேரிடம் வந்து சேரும். ஒரு ஃபீடரை அடிமுதல் நுனிவரை நடந்து பார்த்து, குறை கண்ட கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு வர, சமவெளியில் ஒரு நாள் போதும். வெள்ளிமலைக்கு மேலே அதற்குச் சில நாள்கள் ஆகும்.